ஆரஞ்சு ஸ்லைடர்

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், இதுதான் பிழைப்பு. இரண்டு வருடமாக, முகூர்த்தம் இல்லாத நாட்களில் அருகில் உள்ள செங்கல் சூளைகளில் வேலை செய்யும் இருளர் குடும்பங்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்து வருகிறேன். தமிழகப் புகைப்பட வரலாறு என்று தேடினால் கோயில்களும் வெள்ளைக்காரர்களின் பெயர்களும்தான் வருகின்றன. எங்களைப் போன்ற ஸ்டுடியோக்காரர்களுக்கும் நான் எடுக்கும் மனிதர்களுக்கும் அதில் ஏன் இடமில்லை? இந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்க என்ன வழி? 35 எம்.எம். லென்ஸ் வாங்கலாமா? சூளைப் படங்களும் கல்யாண ஆல்பத்தின் சில பக்கங்களும் இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் வாங்காதீர்கள். கையில் இருக்கும் 50 போதும். கண்காட்சிப் பேச்சு பிறகு.

வரலாற்றில் இடமில்லாததைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1857-58இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசுக்காக மதுரை, தஞ்சை, திருச்சியைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடக் கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். கல்லுக்குக் காட்டிய அந்தப் பொறுமை மனிதருக்குக் கிடைக்கவில்லை. மனிதர் அளவெடுக்கப்படும் பொருளானார். 1869இல் லாம்ப்ரே என்பவர் இரண்டு அங்குலச் சதுரங்களாக நூல் கட்டிய சட்டத்தின் முன் ஆளை நிறுத்திப் படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. இருளர் இரண்டாம் தொகுதியில் இருக்கிறார்கள். படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயரும் தொழிற்பெயரும்தான். அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை.

சொந்தக் காசைக் கொடுத்து, தான் எப்படித் தெரிய வேண்டும் என்று தானே சொல்லி எடுத்துக்கொண்ட படங்கள் உங்களைப் போன்ற ஸ்டுடியோக்களில்தான் இருந்தன. கடை மூடும்போது அந்த நெகட்டிவ்கள் குப்பைக்குப் போயின. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் நல்கையோடு தமிழக ஸ்டுடியோப் படங்களில் ஒரு பகுதியை மின்னாக்கம் செய்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். உங்கள் ஊரில் பழைய ஸ்டுடியோ மூடினால் ஓடுங்கள். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். பூஞ்சையைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் எமல்ஷனே, அதாவது படம் பதிந்த மேற்பூச்சே, உரிந்து வந்துவிடும். சிதையத் தொடங்கி வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிமைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

நீங்கள் அனுப்பிய கோப்புகளில் எடிட் விவரம் நீங்காமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில், கோப்போடு ஒட்டிவரும் மெட்டாடேட்டா விவரங்களைக் கழிக்காமல் ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு ஸ்லைடரின் எண்ணும் ஜேபெக் படக்கோப்புக்குள்ளேயே இருக்கும். கல்யாணப் பெண்ணின் படத்தில் ஆரஞ்சு லுமினன்ஸ் (வெளிச்சம்) +35, ஆரஞ்சு சாச்சுரேஷன் (நிறச் செறிவு) −20. சூளைப் பெண்ணின் படத்தில், கருப்பு வெள்ளைக் கலவையில், ஆரஞ்சு −45, கோடுகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டி +60.

மனிதத் தோல் எந்த நிறமானாலும் மென்பொருளின் கணக்கில் அது ஆரஞ்சையும் சிவப்பையும் ஒட்டித்தான் விழும். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாநிறம். காசு கொடுக்கும் பெண்ணுக்கு அந்த ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளி வெளுக்க வைத்தீர்கள். காசு கொடுக்காத பெண்ணுக்கு இடப்பக்கம் இழுத்துக் கரியாக்கி, கிளாரிட்டியை ஏற்றித் தோலில் இல்லாத வெடிப்புகளையும் வரவழைத்தீர்கள். இரண்டு பெண்களின் உண்மை நிறமும் உங்கள் கணினியில் அழிந்தது. இடமில்லை இடமில்லை என்று வரலாற்றைக் கேட்கிறீர்களே, உங்கள் மேசையில் இவர்களுக்கு எங்கே இடம்? கோபமாகத்தான் கேட்கிறேன். உங்களுக்குக் கண் இருக்கிறது. பதினோராம் படத்தில், சுடாத பச்சைச் செங்கல் அடுக்குக்கு நடுவே பிள்ளைக்குத் தலை வாரும் அந்த அம்மாவின் கைவிரல்களைப் பார்க்கத் தெரிந்தவர் இந்தக் காரியத்தைச் செய்யலாமா?

இது உங்களோடு தொடங்கிய பழக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஆர்த்தோ தகடு சிவப்பை உணராது. பழுப்புத் தோல் அதிகம் திருப்பி அனுப்புவது சிவப்பைத்தான். ஆகவே நேரில் பார்ப்பதைவிடக் கறுப்பாகவே முகம் பதிவாகும். அதைச் சரிக்கட்ட, நெகட்டிவைக் கையால் திருத்தும் டச்சிங் வந்தது. நெகட்டிவின் எமல்ஷன் பக்கம் பிசின் கலந்த டச்சிங் வார்னிஷை மெல்லத் தடவிச் சொரசொரப்பாக்குவார்கள். கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து வெளிச்சம் ஏற்றிய சாய்வு மேசையில் நெகட்டிவைப் பொருத்தி, உப்புத்தாளில் ஊசிபோலத் தீட்டிய கெட்டி பென்சிலால் கண்ணுக்குக் கீழும் மூக்கோரமும் காற்புள்ளி காற்புள்ளியாகத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கரி ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். சிவப்பையும் உணரும் பான் ஃபிலிம் வந்தபோது இந்தத் தேவை குறைந்திருக்க வேண்டும். பென்சில் நிற்கவில்லை. அதற்குள் வெளுப்பது வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பாகிவிட்டது. பிறகு கலர் லேப் வந்தது. கோடாக் 1950களில் லேபுகளுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. கோடாக்கின் கலர் ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் மேம்பட்டதற்குச் சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்களின் புகார்தான் ஒரு முக்கியக் காரணம்.

இன்றைய கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது. குறை ஒளியை அளக்கும் மீட்டரிங்கிலும் விளக்கிலும் இருக்கிறது. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிறார். ஆட்டோ மீட்டர் அத்தனை வெள்ளையையும் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியளவை, குறைக்கிறது, முகம் இருண்டுபோகிறது. இருண்ட முகத்தைப் பின்னால் ஏற்றினால் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வரும், தோல் சாம்பல் பூத்தது போலாகும். அதை மறைக்க ஸ்கின் ஸ்மூத்திங், அதன்மேல் ஆரஞ்சு ஸ்லைடர். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டதால் உங்கள் ஆல்பத்தின் நான்காம் பக்கத்தில் பெண்ணின் முகம் ஒரு நிறம், மருதாணி வைத்த கை வேறு நிறம். ஆறாம் பக்கத்தில் நலங்கு மஞ்சள் கன்னத்தில் இருந்த இடமே தெரியவில்லை.

மண்டபத்துக்குப் போனதும் மணமேடையில் முகம் இருக்கப்போகும் உயரத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையைப் பிடித்து, அதற்கு மேனுவலில் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டுங்கள். விளக்கு மாறினால் மறுபடி எடுங்கள். மாநிற முகம் அந்தச் சாம்பலை ஒட்டியோ சற்றுக் கீழேயோ நிற்கும், கறுத்த முகம் இன்னும் கீழே. அது பிழையில்லை, அதுதான் அந்த முகம். வேட்டி மடிப்பு வெளுத்துப் போகாமல், ஹிஸ்டோகிராம் எனும் ஒளி வரைபடத்தின் வலது ஓரத்தை மட்டும் பாருங்கள்.

இரண்டு பக்கமும் சமமாக எல்.இ.டி. நிறுத்துவதை விடுங்கள். முகம் தட்டையாகும். கறுத்த தோலின் வடிவம் நிழலில் தெரிவதைவிடப் பளபளப்பில்தான் அதிகம் தெரியும். பக்கவாட்டில் 45 பாகையில், தலைக்கு மேலே, பெரிய வெள்ளைத் துணி வழியாக ஒரு விளக்கு வரட்டும். கன்ன எலும்பிலும் நெற்றியோரத்திலும் அகலமான மெல்லிய மினுக்கம் கிடைக்கும். இன்னொரு விளக்கைக் கால்வாசியாகக் குறையுங்கள். நேர் ஃபிளாஷ் அதே இடத்தில் சின்ன வெள்ளைப் பொட்டாக விழும், வாடிக்கையாளர் அதை எண்ணெய் வழிகிறது என்பார். சிலிக்கா கலந்த பவுடர் ஃபிளாஷில் திட்டுத்திட்டாக வெளுக்கும், ஆகவே மேக்கப் முடிந்ததும் ஒரு ஃபிளாஷ் படம் எடுத்து மேக்கப் போட்டவரிடமே காட்டிவிடுங்கள்.

“பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும்னு கேக்கறாங்க” என்பீர்கள். யார் கேட்கிறார்கள்? பெரும்பாலும் அம்மா, அல்லது மாப்பிள்ளை வீட்டார். ஒளியமைத்து எடுத்த படம் ஒன்றையும் ஸ்லைடர் தள்ளிய படம் ஒன்றையும் 6×9இல் அச்சிட்டு அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். மானிட்டரில் காட்டாதீர்கள், கடையிலுள்ள மானிட்டர்கள் பொதுவாக அளவுக்கு மீறிய பிரகாசத்தில் இருக்கும். மானிட்டரின் பிரகாசத்தை 120 நிட்ஸ் அளவுக்கு இறக்குங்கள், இல்லையென்றால் அச்சான கரிஷ்மா வகைக் கல்யாண ஆல்பத்தில் நிழல் எல்லாம் அடைத்துக்கொண்டு வரும், பழி தோல் நிறத்தின்மேல் விழும். இத்தனைக்குப் பிறகும் வெளுப்புதான் வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொன்னால் செய்து கொடுங்கள். படம் அவருடையது.

சூளைப் படங்களை வண்ணத்துக்குத் திருப்புங்கள். ஆரஞ்சு பூஜ்யம், கிளாரிட்டி பூஜ்யம். செம்மண் புழுதி எது, தோல் எது என்று அப்போதுதான் பிரிந்து தெரியும். “சூளைத் தொழிலாளி, 2” என்ற தலைப்புகளை அழியுங்கள், அது தர்ஸ்டனின் தலைப்பு. தூய்மைப் பணியாளர்களைப் பல ஆண்டுகளாக எடுத்துவரும் மு. பழனிகுமாரின் படங்களைப் கிராமப்புற மக்களின் வாழ்வைப் பதிவு செய்யும் ‘பாரி’ இணையதளத்தில் பாருங்கள். மனிதர்கள் பெயரோடு இருக்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்தக் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வெளியேற முடியாமல் இருந்தால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும் விஷயம். மீட்கப்படும்வரை முகமும் பெயரும் எங்கும் வெளிவரக் கூடாது. இப்போதைக்குக் கண்காட்சி வேண்டாம் என்றது இதனால்தான்.

அவர்களுக்கு உங்களிடம் உடனே ஆக வேண்டிய வேலை பாஸ்போர்ட் படம். பள்ளிச் சேர்க்கைக்கும் வங்கிக்கும் சாதிச் சான்றுக்கும் அலையும்போது கையில் இருக்க வேண்டியது அது. 35×45 மில்லிமீட்டர். வெள்ளைத் துணியிலிருந்து ஆளை ஐந்தடி முன்னால் நிறுத்துங்கள். துணிக்குத் தனி விளக்கு, முகத்துக்குத் தனி விளக்கு, எக்ஸ்போஷர் சாம்பல் அட்டைக்கு. ஆட்டோவில் விட்டால் துணியின் வெள்ளை முகத்தை இருட்டாக்கும். ஆளுக்கு எட்டுப் பிரதி கொடுங்கள். கூடவே குடும்பத்துக்கு ஒரு 6×8 வண்ணப் படம், சாரல் அடிக்கும் வீடு என்பதால் லேமினேட் செய்தே கொடுங்கள். அதற்கு முன் பின்பக்கம் எல்லோர் பெயரையும் அவர்கள் சொல்கிறபடி எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. படத்தாளில் பென்சில் எழுதாது, பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பிக்மெண்ட் மை பேனா வாங்கிக்கொள்ளுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள்.