ஐ.ஜி.எஃப்-1 குறைந்தால் ஊசி கேட்காதீர்கள்

கே: அப்பாவுக்கு இரைப்பைப் புற்று, நான்காம் நிலை. ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டிக் கல்லீரல் சுரக்கும் வளர்ச்சிப் பொருள்) குறைவு. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் உடம்பு தேறுமா? (அம்மாபேட்டை)

ப: தேறாது, போடவும் கூடாது. ஆறு மாதத்தில் எடை எவ்வளவு இறங்கியது, சர்க்கரை உண்டா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஜிம் தம்பி சொன்ன யோசனை மட்டும் அரைப் பக்கம்! முற்றிய புற்றில் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோனைத் தாராளமாகவே சுரக்கிறது. சாப்பாடு இறங்காமல், அழற்சியும் சேர்ந்துகொண்டால் கல்லீரல் அதைச் சட்டை செய்வதில்லை. ஐ.ஜி.எஃப்-1 இறங்குவது அதனால்தான். மேலும் மேலும் ஏற்றினால் சர்க்கரை கூடும், கால் வீங்கும். போதாததற்கு, பல புற்றணுக்களுக்கு ஐ.ஜி.எஃப் தீனி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலேயே புற்று இருந்தால் கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள். யாராவது பிரித்துப் படிக்கிறீர்களா? 1999-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு (இவர்கள் புற்றுநோயாளிகள் அல்ல) அதிக அளவில் போட்டதில் இறப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

கே: காலையில் எடுத்த வளர்ச்சி ஹார்மோன் அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். ஆபத்தா? (ஏற்காடு)

ப: இல்லை. அது தூக்கத்தில் அலை அலையாகச் சுரப்பது. பகலில் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பது வீண் செலவு. அந்தக் காசுக்கு எடை மிஷின் வாங்கி, வாராவாரம் எடையைக் குறித்து வையுங்கள்.

கே: ஆக்ட்ரியோடைட் ஊசி வளர்ச்சி ஹார்மோனைக் குறைக்குமாமே, நிறுத்தலாமா? (ஆத்தூர்)

ப: குறைக்கும்தான். எதற்காகப் போட்டார்கள் என்று எழுதவே இல்லையே! குடலடைப்பு வாந்திக்கென்றால், நிறுத்திய பிறகு தெரியும் அதன் அருமை. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கே: ஜப்பானில் பசி மாத்திரை இருக்கிறதாமே? (ஓமலூர்)

ப: அனமோரெலின். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் போலப் பசியையும் வளர்ச்சி ஹார்மோனையும் தூண்டும். நுரையீரல், இரைப்பை, கணையம், பெருங்குடல் புற்று மெலிவுக்கு அங்கே 2021-ல் அனுமதி கிடைத்தது. தசை ஒரு கிலோ கூடினாலும் கைப்பிடி வலு கூடவில்லை. சர்க்கரையும் இதயத் துடிப்பும் கவனிக்க வேண்டிய மருந்து. ஆன்லைன் பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

கே: அம்மாவுக்கு மூன்று வேளையும் ஜவ்வரிசிக் கஞ்சி. போதுமா? (செவ்வாய்ப்பேட்டை)

ப: ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லச் சங்கடம்தான்: அது வெறும் மாவுச்சத்து. 50 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் தேவை. முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான். கஞ்சியைப் பாலில் காய்ச்சி, வறுத்த பாசிப்பருப்பு மாவு இரண்டு கரண்டி கலந்து, ஒரு டம்ளரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் கால் டம்ளராகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். எடையைக் குறித்து வையுங்கள்.