நல்லதண்ணித் தங்குமிடத்துக்கு வேர்ட்பிரஸ் சரிவருமா?

கேள்வி: நல்லதண்ணியில் சின்னதாக ஒரு தங்குமிடம் நடத்துகிறோம். வெப்சைட்டில் அறை வாடகையை மாற்றக்கூட, கொழும்பில் செய்து தந்தவருக்குக் கோல் எடுக்க வேண்டியிருக்கிறது. வேர்ட்பிரஸ் (கோடிங் தெரியாமலே வெப்சைட்டை நடத்த உதவும் மென்பொருள்) போட்டால் நாங்களே பார்த்துக்கொள்ளலாமா?

தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். இதே வேலைக்கான மற்ற மென்பொருள்களான ஜூம்லா, ட்ரூபல் பக்கம் போகவே வேண்டாம், ஆறேழு பக்கத் தளத்துக்கு அது வீண் வேலை. ஹட்டன் பக்கம் சில தங்குமிடங்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்கிறேன். எங்கே போனாலும் ஒரே தலைவலிதான்: ஒரே வாடகையை நாலு பக்கத்தில் தனித்தனியாக எழுதி வைத்திருப்பார்கள்.

உங்கள் ஊரிலிருந்து ஏறுகிற சிவனொளிபாதமலையின் யாத்திரை சீசன் டிசம்பர் உந்துவப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே வெசாக் போயாவோடு முடிகிறது. ஆக, வருடத்துக்கு இரண்டு தடவையாவது உங்கள் வாடகை மாறும். முகப்பில் மாற்றிவிட்டு அறைப் பக்கத்தை மறந்தீர்களோ, நடுச்சாமத்தில் மஸ்கெலியா வழியாக பஸ் பிடித்து வருகிறவர் போனில் பழைய விலையைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

இதற்கு வேர்ட்பிரஸ்ஸிலேயே வழி இருக்கிறது. வாடகை அட்டவணையை ஒரு தடவை போடுங்கள். அந்த ப்ளொக்கின் (பக்கத்தில் தனித்தனியாகச் செருகும் துண்டுகளை வேர்ட்பிரஸ் அப்படித்தான் சொல்லும்) மூன்று புள்ளி மெனுவில் 'கிரியேட் பேட்டர்ன்' கொடுத்து, 'சிங்க்ட்' என்பதை ஒன் செய்து சேமியுங்கள். பிறகு வேண்டிய பக்கத்திலெல்லாம் அதையே செருகிக்கொள்ளலாம். ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். 2023 இல் வந்த 6.3 பதிப்புக்கு முன் இதை 'ரீயூசபிள் ப்ளொக்' என்பார்கள், பழைய வீடியோக்களில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். போயா திகதி வருடாவருடம் மாறுவதால் சீசன் திகதிகளையும் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பில் இருக்கும் தம்பிக்கு 'எடிட்டர்' கணக்கு போதும். 'ஓதர்' கொடுத்தால் போஸ்ட் எழுதலாமே தவிர பக்கங்களைத் தொட முடியாது. அட்மின் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். எடிட்டர் கணக்கில் ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) ஏற்றவோ அழிக்கவோ முடியாது என்பதால் நிம்மதியாகத் தூங்கலாம். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டாலும் 'ரிவிஷன்ஸ்' பகுதியில் பழைய வடிவம் இருக்கும்.

தமிழ்ப் பக்கம் போடுவதாக இருந்தால் (கட்டாயம் போடுங்கள், தோட்டங்களிலிருந்து வருகிற குடும்பங்கள் அதைத்தான் வாசிப்பார்கள்) பழைய நோட்டீஸிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். அநேகமாக அது பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு) அடித்ததாக இருக்கும். ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளாகி, கடைசியில் ஒரு அரைப்புள்ளியோடு நிற்கும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். ஸ்ரீ, க்ஷ வருகிற இடங்களை மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படங்களை ஏற்றுவதற்கு முன்பே போனில் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தை வேர்ட்பிரஸ் தானே சுருக்கும், ஆனால் முழுப் படமும் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான். மலை மறைக்கிற இடத்தில் கிடைக்கிற சிக்னலுக்கு அது விடிய விடிய ஓடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை: டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் சேவை) யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று அந்தக் கொழும்புக்காரரிடம் கேளுங்கள். அவருடையதில் என்றால், அவரோடு நல்ல உறவில் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ்ஸை அதற்குப் பிறகு போடலாம்.