வாடகை பாக்கி சிபிலில் ஏறுமா?

மூன்று மாத வாடகை பாக்கி, "சிபிலில் ஏத்திவிடுவேன்" என்று வேளச்சேரி ஹவுஸ் ஓனர் வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார், நாளைக்கு வீட்டுக்கடன் கிடைக்காமல் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். சிபில் என்பது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம். அதில் ஏற்ற அவரால் முடியாது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிபிலில் உறுப்பினராக இருக்கும் வங்கி, நிதி நிறுவனம், கார்டு கம்பெனி போன்றவைதான் அதற்குத் தகவல் அனுப்பும். தனி வீட்டுக்காரருக்கு அதில் வழியே இல்லை. ஆனால் கிரெடிட் கார்டில் வாடகை கட்டிவிட்டு அந்த பில்லைக் கட்டாமல் விட்டிருந்தால், அது கட்டாயம் ஏறும். முதலில் அதைப் பாருங்கள்.

வாடகை பாக்கியும் ஏறத்தான் வேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் என் பழைய ஓனர். நான் இருந்தது ஏழே மாதம், சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அவர் கையில் சிபிலும் இருந்திருந்தால்?

அதற்காக அலட்சியமாக இருக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், நோட்டீஸ் கொடுத்தும் இரண்டு மாத பாக்கியைக் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லி அவர் வாடகை நீதிமன்றம் போகலாம். பாக்கியை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லிப் பேசுங்கள். சரி என்றால், அதையும் வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.