பருப்பில் இருப்பது அரைகுறைப் புரதமா?

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கல்லூரியில் படிக்கும் என் மகன் இப்போது ஜிம்முக்குப் போகிறான். அங்கே மாஸ்டர், "பருப்பில் இருப்பதெல்லாம் அரைகுறைப் புரதம், முட்டை, கோழி சாப்பிடு, முடியாவிட்டால் பவுடர் வாங்கு" என்கிறாராம். தினமும் சாம்பார் வைக்கிற வீட்டில் புரதம் எப்படிக் குறையும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மாஸ்டர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது அம்மா. புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாவது. அவற்றில் நம் உடம்பால் தானாகத் தயாரிக்க முடியாதவை 9 உண்டு, முட்டை, பால், மீன், கறியில் அவை தேவையான அளவில் இருக்கின்றன, செரிப்பதும் சுலபம். அரிசியில் அவற்றில் ஒன்றான லைசின் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், ஆனால் இன்னொன்றான மெத்தியோனின் குறைவு. அதனால்தான் இட்லி, அடை, வெண்பொங்கல் எல்லாம் நல்ல சாப்பாடு, ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடுகிறது. ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாளைக்குள் இரண்டும் உள்ளே போனால் சரி.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது அளவைத்தான். நாலு பேருக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு துவரம்பருப்பு போடுவீர்கள்? 100 கிராம் போட்டால் அதில் சுமார் 22 கிராம் புரதம், ஆளுக்கு ஐந்தரை கிராம், அதாவது ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு, அதுவும் அடியில் தங்கிய பருப்பைக் கலக்கி ஊற்றினால்தான், மேலாகத் தெளிவை எடுத்து ஊற்றிக்கொண்டால் அதுவும் இல்லை. ரசத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொல்லும் அளவு, 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு 70 கிராமுக்கு மேலேயே தேவைப்படலாம். சோறும் இட்லியும் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். மீதிக்கு, சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் போட்டால் 10 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம். மீல்மேக்கர் 25 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 13 கிராம் வந்துவிடும், என்னைக் கேட்டால் சைவ வீட்டில் வாரம் இரண்டு மூன்று நாளாவது அது இருக்க வேண்டும். பயறை ஊறவைத்து முளைகட்டினால் செரிமானமும் எளிதாகும்.

பவுடர் பற்றி: கடையில் அதிகம் விற்கும் வே புரோட்டீன், பாலிலிருந்து சீஸ் செய்யும்போது பிரிகிற நீரில் இருந்து எடுப்பதுதான். தீங்கில்லை, ஆனால் அதற்குச் செலவழிக்கிற காசில் வீட்டுக்கே பாலும் கடலையும் வாங்கலாம். அப்புறம், பி12 வைட்டமின் பருப்பு, காய்கறியில் கிடைக்காது. பால், தயிரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் அவர்களுக்குப் பொருந்தாது, டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுவது நல்லதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆரோக்கியமாக இருப்பவர் முழு முட்டையாகவே சாப்பிடுங்கள். புரதத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது, வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில் மட்டும்தான்.