பஸ்ல ஏறினா நெஞ்சடிக்குது, கதைச்சு என்ன வரும்?

தம்பி, யாழ்ப்பாணம் பருத்தித்துறை பஸ்ல ஏறினாலே நெஞ்சு படபடக்குது, ஈசிஜி நோர்மல், டொக்டர் கவுன்சிலிங் போகச் சொல்லுறார், சும்மா கதைச்சு என்ன வரப்போகுது எண்டு எழுதியிருந்தியள். எனக்கும் உதே வருத்தம் இருந்தது, நானும் உதையேதான் கேட்டனான்.

கதைக்கிற வைத்தியத்தில கன விதம் இருக்கு. மனசில கிடக்கிறதைக் கொட்டிறதுக்குத்தான் சாதாரண கவுன்சிலிங். வீட்டுக்காரரையும் இருத்திக் கதைக்கிறது குடும்பச் சிகிச்சை. உங்கட பயத்துக்குப் பொருந்திறது சீபிடி (CBT), அதாவது யோசிக்கிற விதத்தையும் நடக்கிற விதத்தையும் மாத்திப் பழக்கிற வைத்தியம் எண்டுதான் நான் நினைக்கிறன், 1960களில ஆரன் பெக் எண்ட அமெரிக்க டொக்டர் தொடங்கினது, பொதுவா 6 தொடக்கம் 20 தரம் போகவேணும். அதில சும்மா கதையில்லை, வீட்டுவேலையும் தருவினம்.

எனக்கு ஒரு கொப்பி தந்தவை. முதல் கிழமை பஸ் ஸ்ராண்டில 10 நிமிசம் நிண்டிட்டு வாறது மட்டும்தான், கச்சான் வாங்கித் திண்டுகொண்டு நிண்டன், கை நடுங்கிச்சு, பயம் பத்துக்கு எத்தினை எண்டு எழுதினன், 8. பிறகு ஒரு ஹோல்ட் மட்டும் ஏறி இறங்கினது. இடையில இறங்கி ஓடாமல் இருந்தா பயம் ஏறி ஏறித் தானாவே இறங்கும், அதை உடம்பு பழகிறதுதான் விசயம்.

விசர் எண்டு சனம் சொல்லும் எண்டு யோசிக்காதேங்கோ, சனம் எதுக்குத்தான் கதைக்கேல்லை. போதனா வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்கு ஒருக்காப் போங்கோ, காசில்லை. அதுக்குமுதல் ஆரோடயாவது கதைக்கவேணும் போல இருந்தா 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு அடியுங்கோ.