ஆற்றில் ஓடிய படகு கடலுக்குத் தயாரா?

சிட்னி வாசகர்களின் படகுக் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற எஞ்சின் திருத்துநர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் பழைய அரைக்கபின் படகொன்று வாங்கினேன். நீளம் 6.2 மீற்றர், பின்பக்கம் பூட்டிய 150 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின், 180 லீற்றர் பெற்றோல் தொட்டி. ஹோக்ஸ்பரி ஆற்றில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன், எஞ்சின் ஒருநாளும் நின்றதில்லை. ஜனவரியில் மூன்று நண்பர்களுடன் பொட்டனி பேயிலிருந்து வெளியே போய், மீன் கூடுவதற்காக மீன்வளத் திணைக்களம் கடலில் போட்டிருக்கும் மிதவைகளைச் சுற்றி மஹி மஹி பிடிக்க ஆசை. புதுத் தூண்டில்கள், மீன் காட்டும் கருவி எல்லாம் வாங்கியாகிவிட்டது. வேறென்ன பார்க்க வேண்டும்? (டூங்காபி வாசகர்)

பதில்: தம்பி, "ஒருநாளும் நின்றதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. ஆறு உங்கள் தொட்டியை ஆட்டிப் பார்க்கவே இல்லை. பழைய படகின் பெற்றோல் தொட்டிக்கு அடியில் தண்ணீரும் தூசியும் பிசினும் வருடக்கணக்காகப் படிந்து கிடக்கும். ஆற்றில் அது அசையாது. கடலில் முதல் ஒரு மணித்தியாலம் குலுங்கியதும் எல்லாம் கலங்கி நேராக வடிகட்டிக்கு வரும். கரையிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி, எஞ்சின் இருமத் தொடங்கும். கடலில் நின்றுபோய் இழுத்துவரப்பட்ட எஞ்சின்களைத் திருத்தித்தான் நான் பிள்ளைகளைப் படிப்பித்தேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் எஞ்சினில் ஒரு குறையும் இருந்ததில்லை. குறை பெற்றோலில்.

ஆகவே முதல் வேலை இது. தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படையாகத் தண்ணீர் நின்றால் தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். வேறு வழியில்லை, மருந்து ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பெற்றோல் ஊற்றும் வாய்மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். சில டொலர் சாமான், ஆனால் ஒருவரும் மாற்றுவதில்லை.

எதனோல் கலந்த ஈ10 மலிவு என்று அடிக்கிறீர்களா? எதனோல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் போனால் இரண்டும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவது கீழேயிருந்துதானே! தினமும் ஓடுகிற காருக்கு அது பரவாயில்லை. வாரக்கணக்கில் சும்மா நிற்கும் படகுக்கு எதனோல் இல்லாத 95 அல்லது 98 போடுங்கள்.

அப்புறம், நான் எல்லோருக்கும் சொல்வது: காற்று அடிக்கிற ஒரு பின்னேரம், பொட்டனி பேக்கு உள்ளேயே வேண்டுமென்று ஒரு மணித்தியாலம் படகைக் குலுக்கி ஓட்டுங்கள். கலங்குவது அங்கேயே கலங்கட்டும். கரைக்கு வந்து புது வடிகட்டி போடுங்கள். இன்னொரு வடிகட்டியும் அதைக் கழற்றும் சாவியும் படகிலேயே இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் அளவுக்குப் பழகியும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆடும் படகில் குனிந்து பெற்றோல் மணத்தை முகரும்போது வயிறு புரட்டும்.

அளவுக்கு வருவோம். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. உங்கள் தொட்டியில் போவதற்கு 60 லீற்றர், அவ்வளவுதான். மிதவையைச் சுற்றி ஓடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆற்றில் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு குடித்தது என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், எதிர் அலையில் நிச்சயம் கூடும். கடைசிச் சில லீற்றர்களை உறிஞ்சுகுழாய் எட்டாது, படகு ஆடினால் அதற்கும் முன்னதாகவே காற்றை இழுக்கும்.

பற்றரி இரண்டு வேண்டும், நடுவில் மாற்றும் சுவிட்சும் வேண்டும். மிதவைக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்காக மிதப்பீர்கள். உயிர் இரைத் தொட்டியின் பம்பு, மீன் காட்டும் கருவி, பாட்டுப் பெட்டி எல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும். 150 குதிரைவலு எஞ்சினைக் கயிறு இழுத்து இயக்க முடியாது. ஒரு பற்றரியைத் தொடாமல் வையுங்கள். மிதவையிலே படகைக் கட்டவும் கூடாது, அது விதி.

நங்கூரம் கட்டாயம் இருக்கட்டும், ஆனால் மிதவைகள் இருக்கும் ஆழத்தில் அது அடியைத் தொடும் என்று நம்பாதீர்கள். முன்பக்கத்தில் கட்டி விடும் துணிக் கடல்நங்கூரம் ஒன்று வாங்குங்கள். எஞ்சின் நின்ற படகு அலைக்குக் குறுக்கே திரும்பும், பின்பக்கத் தாழ்ந்த பலகை வழியாகத் தண்ணீர் ஏறும். துணி நங்கூரம் மூக்கை அலைக்கு நேரே பிடித்து வைக்கும். தூண்டில் வாங்கிய காசில் பாதி போதும்.

கேள்வி: என் கணவரும் நண்பர்களும் கடலுக்குப் போகப் போகிறார்கள். நான்கு பேரிடமும் போன் இருக்கிறது, ஆபத்தில் செய்மதிக்குச் சைகை அனுப்பும் ஈபேர்ப் கருவி எதற்கு என்கிறார். படகோடு ஒரு பழைய கருவி வந்ததாம், அது போதுமாம். சரியா? (ஹோம்புஷ் வாசகி)

பதில்: இல்லை அம்மா. நியூ சவுத் வேல்ஸில் கரையிலிருந்து 2 கடல்மைலுக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீற்றருக்கு வெளியே போனால் ஈபேர்ப் சட்டப்படி கட்டாயம். போன் நனைந்தால் போய்விடும், கரை மறையும்போது சிக்னலும் போய்விடும்.

அந்தப் பழைய கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 406 மெகாஹேட்ஸ் என்று இருக்க வேண்டும். 121.5 மட்டும் அனுப்பும் பழைய வகையை 2009 பெப்ரவரியிலிருந்து செய்மதிகள் கேட்பதில்லை. அதைக் கட்டிக்கொண்டு போவதும் செங்கல்லைக் கட்டிக்கொண்டு போவதும் ஒன்று. பற்றரி முடியும் திகதியும் வெளியே எழுதியிருக்கும். 406 ஆகவே இருந்தாலும் அது யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது? பழைய உரிமையாளரின் பெயரில் கிடந்தால், உங்கள் கணவர் கடலில் பொத்தானை அழுத்தும்போது கன்பராவிலுள்ள மீட்பு மையத்திலிருந்து அந்த மனிதருக்குத்தான் அழைப்பு போகும். அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு "நான் படகை விற்றுவிட்டேனே" என்பார். அம்சா என்னும் கடல் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு இலவசம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதிது வாங்குவதானால் ஜி.பி.எஸ். உள்ளதாக வாங்குங்கள், தேடும் பரப்பு வெகுவாகக் குறையும்.

அதைக் கபினுக்குள் படுக்கைக்கு அடியில் வைக்கக்கூடாது. படகு கவிழ்ந்தால் யார் உள்ளே நீந்திப் போய் எடுப்பது? சுக்கான் பிடிப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கிகளை முதலே போட்டுக்கொள்ள வேண்டும். காற்று ஊதும் வகையென்றால் உள்ளேயுள்ள வாயு உருளையை வருடம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வி.எச்.எப். வானொலியில் 16ஆம் அலைவரிசை அவசரத்துக்கு. புறப்படும்போது மரைன் ரெஸ்கியூ என்னும் கடல் மீட்புத் தொண்டர் அமைப்பிடம் எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்பியதும் சொல்ல மறந்தால் இவர் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, அவர்கள் தேடத் தொடங்குவார்கள். உங்களிடமும் ஒரு தாளில் படகின் பதிவிலக்கம், கார் நிறுத்திய இடம், திரும்பும் நேரம் மூன்றும் இருக்கட்டும்.

கேள்வி: காற்று 15 நொட் (மணிக்கு 15 கடல்மைல்) என்று முன்னறிவிப்பு சொன்னால் ஆறு மீற்றர் படகில் போகலாமா? (பிளாக்டவுன் வாசகர்)

பதில்: வானிலைப் பணியகத்தின் கடல் அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. சொல்லப்படுவது சராசரிக் காற்று, வீச்சு அதைவிட 40 வீதம் கூடலாம், மிகப் பெரிய அலை இரண்டு மடங்கு வரை உயரலாம். ஆகவே 15 என்றால் 21ஐ மனதில் வையுங்கள். முதல் பயணத்துக்கு நான் 10க்கு மேல் போகவிடமாட்டேன்.

சிட்னிக் கோடையில் விடியற்காலை கடல் நல்ல பிள்ளையாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு வடகிழக்குக் காற்று எழும்பும். விடிய முன் இறங்கி, மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால் வெக்கையாக வடமேற்குக் காற்று வீசும் நாளில், "சதர்லி பஸ்டர்" என்னும் திடீர்த் தென்காற்றைப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல் இருந்தாலும் வீட்டிலேயே இருங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வடமராட்சிக் கரையில் சோளகக் காற்று பருவம் பார்த்து வந்து மாதக்கணக்கில் நிற்கும். இந்தச் சதர்லி பஸ்டரோ நிமிடக் கணக்கில் திரும்பித் தெற்கிலிருந்து அடிக்கும், 40 நொட்டையும் தாண்டும், வெப்பம் 10, 15 பாகை விழும்.

கேள்வி: படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் என் பில்ஜ் பம்பில் மணிக்கு 3,000 லீற்றர் என்று போட்டிருக்கிறது. போதுமா? (மெரிலண்ட்ஸ் வாசகர்)

பதில்: அது குழாயும் ஏற்றமும் இல்லாமல் அளந்த கணக்கு. உங்கள் படகில் அதற்கு நிறையக் குறைவாகத்தான் இறைக்கும். படகை ட்ரெய்லரில் வைத்து, வடிகால் மூடியைப் பூட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஏறும்போது பம்பை இயக்கும் மிதவைச் சுவிட்ச் தானாக எழும்புகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு வாளியும் கூட வையுங்கள்.

கேள்வி: போன வருடம் நாங்களே பிடித்த மஹி மஹியைக் குழம்பு வைத்தோம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் கடித்தது. புதுமீன்தானே, ஒவ்வாமையா? (பெண்டில் ஹில் வாசகி)

பதில்: உடம்புக்கு என்ன என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், ஆனால் மீனை எப்படி வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்பேன். மஹி மஹி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். மணத்தில் தெரியாமலும் போகலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, புளியும் மிளகாயும் ஒன்றும் செய்யாது. காலையில் பிடித்து, தளத்தில் போட்டு, படம் எடுத்து, பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்த மீன் புதுமீன் அல்ல.

பெரிய பெட்டியில் இரண்டு பங்கு ஐசுக்கு ஒரு பங்கு கடல்நீர் விட்டு, பிடிப்பதற்கு முன்பே கரைசலாகத் தயார் செய்து வையுங்கள். மீனை உடனே கொன்று, இரத்தம் வடியவிட்டு, முழுதாக அதற்குள் அமிழ்த்த வேண்டும். மேலே ஐஸ் தூவுவது போதாது. ஐஸ் உருகினால் கூடுதல் பை தயாராக இருக்கட்டும். பெட்டி நிறைந்தால் தூண்டிலைச் சுருட்டுங்கள்.