ரோஜா இலையில் வட்டம் போட்டது யார்?

டீச்சர், என் ரோஜாச் செடியில் இலை ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டியது போல வட்ட வட்டமாகக் காணோம். புழு எதுவும் கண்ணில் படவில்லை. நர்சரியில் வேரில் ஊற்ற ஒரு மருந்து கொடுத்தார்கள். ஊற்றலாமா?
— வாசகி, ஆதம்பாக்கம்

ஊற்றாதீர்கள். தயவுசெய்து.

புழு தின்றால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், கீழே எச்சம் கிடக்கும். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை, வீடு கட்ட எடுத்துப் போகிறது.

எங்கள் நங்கநல்லூர் வீட்டு வராந்தா ஜன்னலில், கொசுவலை மாட்டுவதற்காகத் துளை போட்டு, அப்புறம் வேண்டாம் என்று அப்படியே விட்ட இடம் ஒன்று உண்டு. சுண்டுவிரல்கூட நுழையாது. போன மாசியில் ஒரு காலை, ஒரு பச்சைத் துண்டு தானாகப் பறந்து வந்து அந்தத் துளைக்குள் போனது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். சில நிமிடங்களில் துளையிலிருந்து ஒரு தேனீ தலையை நீட்டியது. சாதாரணத் தேனீ அளவுதான், கொஞ்சம் குண்டு. நேராகத் தொட்டியில் இருந்த ரோஜாவுக்குப் போய் இலையின் ஓரத்தைக் காலால் கவ்விக்கொண்டு தாடையால் வெட்ட ஆரம்பித்தது. நான் பத்து எண்ணுவதற்குள் துண்டு கையோடு வந்துவிட்டது. அதை வயிற்றுக்கடியில் மடித்து அணைத்துக்கொண்டு திரும்பவும் துளைக்கு.

உள்ளே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கூட்டைப் பிரித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நீளவாட்டத் துண்டுகள் சுவருக்கு, முழு வட்டங்கள் மூடிக்கு. இலைகளை அடுக்கி ஒரு சின்னக் கிண்ணம். அதில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, அதன் மேல் ஒரே ஒரு முட்டை. மேலே வட்ட இலைகளால் மூடிவிட்டு அடுத்த கிண்ணம். இப்படித் துளை நிறையும்வரை. இங்கே ராணி கிடையாது, வேலைக்காரிகள் கிடையாது, தேன் சேமிப்பும் கிடையாது. எல்லாம் ஒரே தாய். பிள்ளைகள் மூடியைத் திறந்து வெளியே வரும்போது பெரும்பாலும் அவள் உயிரோடு இருக்க மாட்டாள்.

அவளை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். தேனீக்கள் பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் என்றுதான் பாடத்தில் படித்திருப்போம். இவள் அடிவயிற்று மயிரில் சுமப்பாள். பூவிலிருந்து கிளம்பும்போது கவனியுங்கள், வயிறு மட்டும் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும்.

உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அடை கட்டித் தேன் சேர்க்கிற தேனீக்களை அதில் விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை உங்கள் ரோஜாவுக்கு வருபவளைப் போலத் தனியாக வாழ்பவை. மண்ணுக்குள், காய்ந்த குச்சிக்குள், சுவர் விரிசலுக்குள். இவற்றைத் தேனீ என்றே நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

அந்தப் பாட்டிலில் 'இமிடாக்ளோபிரிட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வேரில் ஊற்றினால் அது செடி முழுக்க ஏறி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். இதையும் இதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு மருந்துகளையும் ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது தேனீக்களுக்காகத்தான். பத்திருபது இலை போனால் ரோஜா சாகாது. என் செடி அந்தப் பங்குனியில் எப்போதும் போலப் பூத்தது.

எங்கள் அடுக்குமாடியில் எட்டாவது மாடி சன்ஷேடுக்குக் கீழே பெரிய தேன்கூடு. இரவில் பந்தம் காட்டி எரித்துவிடலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். குழந்தைகள் இருக்கிற இடம். என்ன செய்வது?
— வாசகர், வேளச்சேரி

உங்கள் பயம் நியாயமானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது மலைத்தேனீ. பாறை முகட்டிலும் உயரமான மரத்திலும் கட்ட வேண்டிய கூட்டை, சென்னையில் தண்ணீர்த் தொட்டியிலும் சன்ஷேடிலும் கட்டுகிறது. திறந்தவெளியில் ஒரே ஒரு அடை, மேலே ஆயிரக்கணக்கான தேனீக்கள் போர்வை போல மூடியிருக்கும். சீண்டினால் ஆபத்துதான். ஒன்று கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாசனையே மற்றவற்றை அங்கே கூப்பிட்டுவிடும்.

ஆனால் அது நிரந்தரமாகக் குடியிருக்க வரவில்லை. பூ இருக்கும்வரை இருக்கும், பூ குறைந்ததும் அடையை வெறுமையாக விட்டுவிட்டுக் கூட்டம் மொத்தமும் வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். எட்டாவது மாடிக்கு வெளியே, யார் கையும் எட்டாத இடம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடி வையுங்கள். இரவில் கூட்டைப் பார்த்தபடி எரியும் விளக்கை அணையுங்கள், இல்லையென்றால் வெளிச்சத்துக்கு வந்து வீட்டுக்குள் விழும். கயிற்றில் தொங்கி வர்ணம் பூசும் வேலை, கண்ணாடி துடைக்கும் வேலை, பட்டாசு எல்லாவற்றையும் அது போகும்வரை தள்ளிப்போடுங்கள். பால்கனிக்குப் பக்கத்திலேயே இருந்தால் கதை வேறு. கொல்லாமல் இடம் மாற்றத் தெரிந்தவர்களை வரவழைத்துத்தான் செய்ய வேண்டும், வாட்ச்மேனை ஏணியில் ஏற்றிவிடாதீர்கள்.

தப்பித் தவறித் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, ஏதாவது ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் இறங்கினால் தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கு தோலிலேயே நின்றுவிடும், நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறலோ, உடம்பெல்லாம் தடிப்போ, மயக்கமோ வந்தாலும், நிறைய இடத்தில் கொட்டியிருந்தாலும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எரிப்பதைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் ஒரு ராத்திரி இப்படித்தான் பந்தம் காட்டினார்கள். விடிந்து மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். கொடியில் முந்தின நாள் மறந்து விட்டிருந்த வேட்டி முழுக்கக் கரி. தரையில் கால் வைக்க இடமில்லை. இறகு கருகி, உயிர் மட்டும் மிச்சமிருந்து ஊர்ந்தவை எத்தனையோ. உருகிய மெழுகுக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் புழுக்கள், அதன் குஞ்சுகள். வேலை செய்கிற அம்மா துடைப்பத்தை வைத்துக்கொண்டு, "எப்படிக்கா பெருக்குறது" என்று நின்றுவிட்டார். தப்பிய சில, கூடு இருந்த இடத்தையே நான்கைந்து நாள் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த நாட்களில்தான் இரண்டு பேருக்குக் கொட்டியது. அதற்கு முன் இரண்டு மாதம் அந்தக் கூடு யாரையும் தொட்டதில்லை. இதை உங்கள் சங்கக் கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது மாடி மொட்டை மாடியில் கத்தரி வைத்திருக்கிறேன். பூ கொட்டுகிறது, காய் பிடிப்பதில்லை. இணையத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷால் பூவைத் தட்டச் சொல்கிறார்கள். சரியா?
— வாசகி, முகப்பேர்

சரிதான், பேட்டரியில் ஓடுகிற பிரஷ் என்றால் நன்றாகவே வேலை செய்யும். ஏன் என்று தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது.

கத்தரிப் பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பு மாதிரி நிற்கிறதே, அவைதான் மகரந்தப் பைகள். மற்றப் பூக்கள் பெரும்பாலானவற்றில் பை நீளவாக்கில் பிளந்து தூள் வெளியே நிற்கும். கத்தரியிலும் தக்காளியிலும் அப்படி இல்லை. கத்தரியில் பையின் நுனியில் மட்டும் ஊசித் துளைகள், பவுடர் டப்பா போல. குலுக்கினால்தான் கொட்டும். தேன்பெட்டித் தேனீக்களுக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. தெரிந்தவை நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும் (பெயர்தான் வண்டு, அதுவும் மரத்தைக் குடையும் ஒரு பெரிய தேனீதான்). பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறகை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். பக்கத்தில் நின்றால் சத்தம் மாறுவது கேட்கும். பறந்து வரும்போது ஒரு ரீங்காரம், பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று உச்ச ஸ்தாயியில் 'ஸீங்' என்று ஒரு வெட்டு, அடுத்த பூவில் இன்னொன்று.

பள்ளிக்கூடத்தில் இதைக் காட்ட இசைக்கவை ஒன்று போதும். ரப்பரில் தட்டி அதன் காலைப் பூவில் வைத்தால், கீழே பிடித்த கறுப்புத் தாளில் தூள் உதிரும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் அந்த நேரத்தில் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள்.

உங்கள் மாடிக்கு நீலப்பட்டைத் தேனீ வராததற்குக் காரணம் கீழே இருக்கலாம். அது மண்ணைத் தோண்டி, அல்லது பழைய சுவரின் மண்சாந்தைத் துளைத்துக் கூடு வைக்கும். உங்கள் தெருவில் கார் நிறுத்த, செருப்பில் சேறு ஒட்டாமல் இருக்க, எல்லா வீட்டு முற்றமும் பேவர் பிளாக் ஆகியிருக்கும். வெறும் மண் இல்லாத தெருவில் அந்தத் தேனீ எங்கே போகும்? எங்கள் காம்பவுண்டில் மதில் ஓரமாக இரண்டு முழம் இடத்தைக் கொத்தாமல், சிமென்ட் போடாமல், தழை மூடாமல் விட்டு வைத்திருக்கிறேன். வெயில் படுகிற இடம். பென்சில் பருமனில் அங்கே ஓட்டைகள் உண்டு. மண் இல்லாத மாடியில் ஒரு பழைய தொட்டியில் செம்மண்ணும் களிமண்ணும் கலந்து இறுக்கி, மழை படாமல் படுக்க வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கத்தரியில் நடுத் தண்டு கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பூதான் நன்றாகக் காய்க்கும். குட்டைத் தண்டுப் பூ உதிர்வது இயல்பு. கடும் வெயிலிலும் உதிரும். எல்லாப் பழியையும் தேனீ மேல் போட வேண்டாம்.

தேனீக்கள் அழிந்துவருவதாகப் படித்தேன். என் பங்குக்கு மாடியில் இத்தாலியத் தேனீப் பெட்டி வைக்க ஆசை.
— வாசகர், குரோம்பேட்டை

தேனுக்காக என்றால் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வையுங்கள். காப்பாற்றுவதற்காக என்றால் வேண்டாம். கோழிப் பண்ணை வைத்தால் காட்டுப் பறவைகள் பிழைக்காது இல்லையா, அதே கணக்குதான். இத்தாலியத் தேனீ 1960-களில் இங்கே கொண்டுவந்து வளர்க்கப்பட்டது. நம்முடையவை மலைத்தேனீ, கொம்புத் தேனீ, பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீ, கொடுக்கு இல்லாத கொசுத் தேனீ. இவற்றோடு, மேலே சொன்ன தனித் தேனீக்கள் அத்தனையும். இந்தியத் தேனீ 1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோயில் தென்னிந்தியா முழுக்கப் பெட்டி பெட்டியாக மடிந்தது.  பூ குறைவாக உள்ள தெருவில் ஆயிரக்கணக்கான வாய்களைப் புதிதாகக் கொண்டுவந்தால் பட்டினி கிடப்பது இவைதான்.

பெட்டிக் காசுக்குத் தெருமுனையில் ஒரு புங்கன் கன்று வைத்து, வேலி போட்டு, இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டில் துளசியின் பூங்கொத்தைக் கிள்ளாமல் விடுங்கள். தொட்டியில் தானாக முளைக்கிற தும்பையைப் பிடுங்காதீர்கள். ஸ்விட்ச் பாக்ஸ் பக்கத்திலோ சுவர் வெடிப்பிலோ பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத் தேனீயின் வாசல், அதன் மேல் பட்டி பார்க்கச் சொல்லாதீர்கள். புகை மருந்து வண்டி தெருவுக்குள் வரும் நாளில் பூந்தொட்டிகளை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

துணி உலர்த்தும் மூங்கிலில் பெரிய கருவண்டு ஓட்டை போடுகிறது. கொட்டுமா?
— வாசகி, திருவொற்றியூர்

முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது ஆண். அதற்குக் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. மரத்தைத் தின்பதும் இல்லை, முட்டை வைக்க இடம் குடைகிறது, அவ்வளவுதான். அந்த மூங்கிலை அதற்கே கொடுத்துவிட்டு உங்களுக்கு ஒரு இரும்புக் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் எருக்கம்பூ காய்ப்பதற்கும் சரக்கொன்றை காய்ப்பதற்கும் இந்த வண்டு வேண்டும்.

தேனீ ராத்திரி எங்கே தூங்கும் டீச்சர்?
— ஆறாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்

நல்ல கேள்வி கண்ணு. கூடு இருக்கிற தேனீ கூட்டுக்குப் போய்விடும். நீலப்பட்டைத் தேனீயில் பெண் மண் ஓட்டைக்குள் இருக்கும். ஆணுக்கு வீடு கிடையாது. சாயந்தரம் வெளிச்சம் மங்கியதும் ஒரு காய்ந்த குச்சியைத் தேடி வந்து, வாயால் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கித் தூங்கிவிடும். ஒரே குச்சியில் ஒன்றன் கீழ் ஒன்றாக நாலைந்து வரிசையாகத் தொங்கும். மறுநாளும் பெரும்பாலும் அதே குச்சிக்கே வரும்.

எங்கள் வீட்டில் அது போன வருடம் காய்ந்துபோன துளசிக் குச்சி. தொட்டியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதைப் பிடுங்கக் கை போகும், பிடுங்குவதில்லை. நேற்று ஆறேகாலுக்குப் பார்த்தபோது அதில் மூன்று இருந்தன. உங்கள் வீட்டுப் பக்கம் காய்ந்த புல்லோ குச்சியோ இருந்தால் அந்த நேரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். டார்ச் அடிக்காதே, குச்சியை அசைக்காதே. எத்தனை இருந்தன என்று எனக்கு எழுது.